கேரளக் கல்லூரியில் சைக்காலஜி மேஜர்: எல்லைப்புறத் தமிழ் மாணவர்களுக்கான முழு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கம் பிளஸ் டூ முடித்துவிட்டு சைக்காலஜி படிக்க நினைக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். விண்ணப்பக் காலத்தில் அவர்களோடு உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வழக்கம். மார்க் குறைந்து சீட் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். மார்க் இருந்தும், வேலைகளை முன்பின்னாகச் செய்து சீட்டை விட்டவர்களைப் பார்க்கும்போதுதான் மனசு கேட்பதில்லை.

பாலக்காடு மாவட்டம் காலிக்கட் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதால் அதன் நடைமுறையை வைத்தே சொல்கிறேன். மூணாறு, பீர்மேடு பக்கம் இருப்பவர்களுக்கு எம்.ஜி. பல்கலைக்கழகம், பாறசாலைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கேரளப் பல்கலைக்கழகம். தேதிகளும் படிவத்தின் பெயரும் மாறும். அடிப்படை அமைப்பு மாநிலம் முழுக்க ஒன்றுதான்.

1. முதலில் கிரெடிட் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

2024 ஜூலை முதல் கேரளப் பல்கலைக்கழகங்களில் நான்காண்டு இளநிலைப் படிப்பு நடக்கிறது. ஒவ்வொரு தாளையும் முடித்தால் உங்கள் கணக்கில் சேரும் படிப்பு அலகுதான் கிரெடிட். 3 ஆண்டில் 133 கிரெடிட்டோடு பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறலாம். 4 ஆண்டு படித்து 177 கிரெடிட் முடித்தால் ஆனர்ஸ்.

அந்த 133 இப்படிப் பிரிகிறது: மேஜர் என்கிற முதன்மைப் பாடத்துக்கு 68, மைனர் என்கிற துணைப் பாடத்துக்கு 24, மொழி உள்ளிட்ட அடித்தளப் பாடங்களுக்கு 39, இன்டர்ன்ஷிப்புக்கு 2. முதல் செமஸ்டரில் மொத்தம் 21 கிரெடிட். மேஜர் ஒரு தாள், மைனர் இரண்டு தாள், மூன்றும் தலா 4 கிரெடிட். ஆங்கிலம், இரண்டாம் மொழி, எம்டிசி என்கிற பலதுறைப் பாடம், இவை தலா 3. இரண்டாம் செமஸ்டரும் இதே மாதிரிதான்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், சைக்காலஜி மேஜர் எடுத்த மாணவிகூட முதல் ஆண்டில் அந்தப் பாடத்தில் படிப்பது செமஸ்டருக்கு ஒரு மேஜர் தாள்தான். சைக்காலஜியை மைனராக எடுத்தவரும் செமஸ்டருக்கு ஒரு தாள் படிக்கிறார். இருவருக்கும் இடையில் பெரிய தூரம் இல்லை. அதனால்தான் இரண்டாம் செமஸ்டர் முடிவில் மேஜரை மாற்றிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். சைக்காலஜிக்குள் நுழைய இரண்டு வாசல் உண்டு என்பது தெரியாமலே பலர் விண்ணப்பம் போடுகிறார்கள். இந்த வழிகாட்டியின் பாதி அந்த இரண்டாவது வாசலைப் பற்றியது.

2. பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள்

கணக்குக்குப் பயந்து ஹியூமானிட்டீஸ் எடுத்த பிள்ளைகள்தான் சைக்காலஜியை அதிகம் கேட்கிறார்கள். உள்ளே போனால் சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு, டி-டெஸ்ட் எல்லாம் வரிசையாக வரும். புள்ளியியல் இல்லாமல் சைக்காலஜி இல்லை. மனசை நேராக அளக்க முடியாது, நடத்தையை எண்ணாக மாற்றித்தான் எதையும் சொல்ல முடியும். அதற்குக் கணக்கு வேண்டும்.

லேபும் உண்டு. ஒரே நீளம் இருந்தும் வேறு வேறு நீளமாகத் தெரிகிற முல்லர்-லையர் கோடுகளைக் காட்டி ஒருவர் எவ்வளவு ஏமாறுகிறார் என்று அளப்பது, எதிர்வினை நேரம் எடுப்பது, கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையவைப்பது மாதிரியான சோதனைகள். ஒவ்வொன்றுக்கும் ரெக்கார்டு எழுத வேண்டும். எல்லாமே ஆங்கிலத்தில்.

பயமுறுத்தவில்லை. பல்கலைக்கழகத் தளத்தில் பாடத்திட்டம் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். முதல் இரண்டு செமஸ்டர் பக்கங்களை மட்டும் வாசியுங்கள். வாசித்த பிறகும் ஆசை இருந்தால் சரி.

இன்னொன்றையும் இப்போதே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பட்டம் வாங்கியவுடன் போர்டு மாட்டி கிளினிக் வைத்துவிட முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாகத் தொழில் செய்ய, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்றுக்கொண்ட உயர்படிப்பை முடித்துப் பதிவு செய்ய வேண்டும். வீட்டில் 'இத்தனை வருஷமா?' என்று கேட்பார்கள். சேர்வதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

'ரெகுலர்ல கிடைக்கலைன்னா தபால்ல படிச்சுக்கலாம்' என்கிற பேச்சும் இனி செல்லாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து சைக்காலஜியைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி சொல்லிவிட்டது. 2021ஆம் ஆண்டின் சுகாதாரத் துணைத் தொழில்கள் சட்டத்துக்குள் அந்தப் பாடம் வருவதுதான் காரணம். அதனால் வகுப்பில் உட்காரும் சீட்டைப் பிடிப்பது முன்பைவிட முக்கியமாகிவிட்டது.

3. ரிசல்ட் வரும் முன்பே சான்றிதழ்களைச் சரிசெய்யுங்கள்

நம் எல்லைப்புறத்துக்கே உரிய தலைவலி இது. தமிழ் வழக்கப்படி இனிஷியல் பெயருக்கு முன்னால், கேரள வழக்கப்படி பின்னால். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பள்ளிச் சான்றிதழில் ஒற்றை எழுத்து இருக்கும். விண்ணப்பத்தில் எஸ்எஸ்எல்சியில் உள்ளபடியே, ஒரு புள்ளி மாறாமல் எழுதுங்கள். ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் ஆதாரைத் திருத்துங்கள். பள்ளிச் சான்றிதழைத் திருத்துவதைவிட அது சுலபம்.

ஏன் இவ்வளவு கறார்? கல்லூரியில் சேர்ந்ததும் கிரெடிட் வங்கி எண் ஒன்று கேட்பார்கள். அது டிஜிலாக்கர் வழியாக ஆதார் பெயரில் உருவாகிறது. பெயர் ஒத்துப்போகாவிட்டால் நீங்கள் சம்பாதித்த கிரெடிட் உங்கள் கணக்கில் ஏறுவதில் சிக்கல் வரும். மேஜர் மாற்றுகிற நேரத்தில் அது வெடிக்கும்.

சாதி, வருமானம், நேட்டிவிட்டி (பிறப்பிடம்), நான்-க்ரீமிலேயர் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி வரம்புக்குள் இருப்பவர்களுக்கானது) சான்றிதழ்களை அக்ஷயா என்கிற இணையச் சேவை மையத்தில் இ-டிஸ்ட்ரிக்ட் வழியாக விண்ணப்பித்து வில்லேஜ் ஆபீசில் வாங்க வேண்டும். ரிசல்ட் வந்த வாரத்தில் அங்கே கூட்டம் அம்மும். ஏப்ரலிலேயே போய்விடுங்கள்.

குடும்பம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்திருந்தால் ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழைக் காட்டி இங்கே இடஒதுக்கீடு கேட்க முடியாது. பட்டியல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி. அங்கே பிற்படுத்தப்பட்ட வகுப்பில் இருக்கும் ஒரு சமூகம் இங்கே பட்டியலிலேயே இல்லாமல் போகலாம். பொதுப் பிரிவில்தான் வருவீர்கள் என்றால் அதற்கேற்ப ஆப்ஷன் (விண்ணப்பத்தில் கல்லூரி, பாட விருப்ப வரிசை) போட வேண்டும், அதனால் முன்பே தெரிய வேண்டும்.

தமிழ்நாடு போர்டில் பிளஸ் டூ முடித்தவர்கள் டிசியோடு மைக்ரேஷன் சான்றிதழும் வாங்கி வையுங்கள். வெளி மாநில போர்டு என்றால் தகுதிச் சான்றிதழ் கேட்கும் வழக்கமும் உண்டு. யார் யாருக்கு அது தேவை என்பது அந்தந்த ஆண்டு புராஸ்பெக்டஸில் இருக்கும்.

4. பாடத்தைப் பார்ப்பதற்கு முன் கல்லூரியைப் பாருங்கள்

மொத்த வேலையில் மிக முக்கியமான படி இதுதான். ஆனால் யாரும் செய்வதில்லை.

மேஜர் மாற்றம் கல்லூரிக்குள் நடக்கிற காரியம். சைக்காலஜித் துறையே இல்லாத கல்லூரியில் சேர்ந்தால் அங்கே மைனரும் கிடையாது, மாறவும் முடியாது. பஸ் வசதி, தோழி சேர்ந்த இடம் என்று பார்த்து அப்படி ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டு, 'அடுத்த வருஷம் சைக்காலஜிக்கு மாறிக்கலாம்ல?' என்று கேட்டால் என்ன சொல்வது?

ஒரு நோட்டை எடுத்து, போய்வரக்கூடிய தூரத்தில் அல்லது விடுதியில் தங்கக்கூடிய இடத்தில் சைக்காலஜித் துறை உள்ள கல்லூரிகளை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு விஷயம் வேண்டும்.

ஒன்று, அரசு, உதவிபெறும், சுயநிதி இவற்றில் எது. கட்டணம் இதைப் பொறுத்தது.

இரண்டு, சைக்காலஜி மைனர் யாருக்குக் கொடுக்கிறார்கள். விதிப்படி மைனரைத் தேர்வு செய்யலாம் என்றாலும், கால அட்டவணைக்காகப் பல கல்லூரிகள் மேஜர்-மைனர் சேர்க்கைகளைக் குழுக்களாகக் கட்டி வைக்கின்றன. ஆங்கில மேஜருக்கு சைக்காலஜி மைனர் இருக்கும், காமர்ஸுக்கு இருக்காது. கல்லூரிக்கு போன் போட்டு, 'எந்தெந்த மேஜருக்கு சைக்காலஜி மைனர் கிடைக்கும்?' என்று நேராகக் கேளுங்கள். நான்காண்டுப் படிப்புக்கென்று ஒரு நோடல் ஆபீசர் இருப்பார், அவருக்குத் தெரியும்.

மூன்று, இரண்டாம் மொழியாகத் தமிழ் உண்டா. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை இருப்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அது எல்லாக் கல்லூரிக்கும் பொருந்தாது. இதன் விளைவை 8ஆம் பகுதியில் சொல்கிறேன்.

நான்கு, தன்னாட்சிக் கல்லூரியா. திருச்சூர் செயின்ட் தாமஸ், இரிஞ்ஞாலக்குடா கிறைஸ்ட் மாதிரியான தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு அந்தந்தக் கல்லூரித் தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழக விண்ணப்பம் அங்கே செல்லாது. கடைசித் தேதியும் வேறு.

5. ஆப்ஷன் வரிசை

பல்கலைக்கழகத்தின் ஒற்றைச்சாளர முறைக்கு கேப் என்று பெயர். பிளஸ் டூ மார்க்கிலிருந்து இண்டெக்ஸ் மார்க் கணக்கிடுவார்கள். அதன்படி ரேங்க், ரேங்க்படி அலாட்மெண்ட், அதாவது சீட் ஒதுக்கீடு. இண்டெக்ஸ் எப்படிக் கூட்டுவது, எந்தப் பாடத்துக்கு எவ்வளவு சேரும் என்பதைப் புராஸ்பெக்டஸில் உங்கள் பாடத்துக்கு எதிரே பார்த்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். கல்லூரி அலுவலகத்தில் சென்ற ஆண்டு சைக்காலஜிக்குக் கடைசியாகச் சேர்ந்தவரின் இண்டெக்ஸைக் கேட்டால், உங்கள் நிலைமை கிட்டத்தட்ட தெரிந்துவிடும்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில், உங்கள் பட்டியலில் உள்ள எல்லாக் கல்லூரியின் சைக்காலஜி. விருப்பப்படி மேலிருந்து கீழே. அதன் பிறகு, அதே கல்லூரிகளில் சைக்காலஜி மைனர் கிடைக்கக்கூடிய மேஜர்கள். அவற்றிலும் உங்களுக்குப் பிடித்தது மேலே. மேஜர் மாற்றம் நடக்காமல் போனால் மூன்று ஆண்டும் அதைத்தான் படிக்கப் போகிறீர்கள், ஆகவே பிடிக்காத பாடத்தைப் பாலமாக மட்டும் நினைத்துப் போடாதீர்கள்.

வழக்கமாக நடக்கும் தவறு: 'கிடைக்கிற மாதிரி இருப்பதை' முதலில் போட்டுவிட்டு, ஆசைப்பட்டதைக் கீழே தள்ளுவது. அலாட்மெண்ட் மேலிருந்துதான் பார்த்துக்கொண்டு வரும். முதல் ஆப்ஷனுக்கு இடம் இருந்தால் அங்கேயே நின்றுவிடும், கீழே உள்ள சைக்காலஜியைப் பார்க்கவே பார்க்காது. எட்டாத ஆப்ஷனை மேலே போட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை. கிடைக்காவிட்டால் அடுத்ததற்கு இறங்கும், அவ்வளவுதான்.

டிரயல் அலாட்மெண்ட் என்கிற சோதனை ஒதுக்கீடு வந்ததும் திருத்த ஒரு வாய்ப்பு தருவார்கள். அதைப் பயன்படுத்துங்கள். திருத்திய பிறகு புதிய பிரின்ட் அவுட் எடுக்க மறக்காதீர்கள்.

6. அலாட்மெண்ட் வந்த பிறகு

கட்டாயக் கட்டணத்தைக் குறித்த தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அந்த சீட் மட்டும் போகாது, கேப் நடைமுறையிலிருந்தே வெளியேறிவிடுவீர்கள். 'இது பிடிக்கலை, அடுத்த அலாட்மெண்ட்ல பாத்துக்கலாம்' என்று கட்டாமல் விடுகிறவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள்.

கட்டிய பிறகு இன்னொரு முடிவு. கிடைத்ததே போதும் என்றால் மேல் ஆப்ஷன்களை ரத்து செய்ய வேண்டும். ரத்து செய்யாவிட்டால் அடுத்த அலாட்மெண்டில் மேலே உள்ளதற்குத் தானாக நகர்ந்துவிடுவீர்கள், பழைய சீட் வேறொருவருக்குப் போய்விடும், திரும்ப வராது. இரண்டாவதாகப் போட்ட கல்லூரியில் சைக்காலஜி கிடைத்து, அங்கேயே இருந்துகொள்ளலாம் என்று தோன்றினால், அன்றைக்கே ரத்து செய்யுங்கள்.

சைக்காலஜி மேஜரே கிடைத்தவர்கள் அடுத்த பகுதியை விட்டுவிட்டு 8ஆம் பகுதிக்குப் போகலாம்.

7. மேஜர் கிடைக்காதவர்களுக்கு: மைனரைப் பிடியுங்கள்

வகுப்பு தொடங்கும் நாட்களில் மைனர், எம்டிசி தேர்வு நடக்கும். இதற்கும் இட அளவு உண்டு. சைக்காலஜிக்கு எல்லோரும் முட்டுவார்கள். முதல் வாரம் லீவு போட்டால் முடிந்தது கதை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதான்.

முதல் ஆண்டில் மைனராகவோ எம்டிசியாகவோ படித்த பாடத்துக்குத்தான் மேஜரை மாற்றலாம் என்பது பொதுவான அமைப்பு. இரண்டில் எது கிடைத்தாலும் விடாதீர்கள், ஆனால் மைனர் மேல். எம்டிசி 3 கிரெடிட் அறிமுகப் பாடம். மைனர் 4 கிரெடிட், பாடத்துக்குள் கொஞ்சம் ஆழமாகப் போகும். பின்னால் மேஜர் வகுப்பில் உட்காரும்போது திணறல் குறையும்.

முதல் செமஸ்டரில் எடுத்த சைக்காலஜியை இரண்டாம் செமஸ்டரிலும் தொடருங்கள். நடுவில் வேறு மைனருக்குத் தாவினால் மாற்றம் கேட்கும்போது உங்கள் பக்கம் பலம் குறையும்.

8. முதல் ஆண்டில் அரியர் வைக்காதீர்கள்

யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டு அமைப்பில் இது தெளிவாக இருக்கிறது. மேஜர் மாற்றத்துக்காக அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் 10 சதவீதம் கூடுதல் இடம் உருவாக்கலாம். அந்த இடங்களையும் காலி இடங்களையும் தகுதி அடிப்படையில் நிரப்பும்போது, முதல் ஆண்டில் அதிக சிஜிபிஏவும் (மொத்த கிரேடு சராசரி) அரியர் இல்லாமலும் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. 30 பேர் வகுப்பு என்றால் 10 சதவீதம் வெறும் 3 இடம். அரியரோடு போய் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அரியர் எந்தப் பாடத்தில் விழுகிறது? மேஜரில் விழுந்து நான் அதிகம் பார்த்ததில்லை. இரண்டாம் மொழியில் விழும். 'அண்ணா, மலையாளம் நல்லாப் பேசுவனுங்க, அதையே எடுத்துக்கறேன்' என்பார்கள். கடைவீதியில் பேசுவது வேறு, கவிதையும் கட்டுரையும் வாசித்துப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதுவது வேறு. பள்ளியில் மலையாளம் எழுதிப் பழகாதவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. தமிழ் இருக்கும் கல்லூரி என்றால் தமிழ். இல்லாவிட்டால், பள்ளியில் இந்தி எழுதிப் பழகியவர்களுக்கு இந்தி. இதற்காகத்தான் 4ஆம் பகுதியில் மொழியைக் கேட்டு வைக்கச் சொன்னேன்.

வருகைப்பதிவும் பாருங்கள், 75 சதவீதம் வேண்டும். வேலந்தாவளத்திலிருந்தோ கோவிந்தாபுரத்திலிருந்தோ பஸ் ஏறுகிறவர்களுக்கு முதல் பீரியட் அடிக்கடி போகும். முதல் பீரியட் எப்போதும் ஒரே பாடமாக இருந்தால் அந்தப் பாடத்தில் மட்டும் வருகை சரிந்துவிடும், மொத்தக் கணக்கைப் பார்த்து நிம்மதியாக இருக்காதீர்கள்.

ஆங்கிலப் பயத்துக்கு ஒரே வழிதான் எனக்குத் தெரியும். நோட்டில் இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழில் விளக்கமும் நம் ஊர் உதாரணமும். புரிந்துகொள்வது தமிழில் நடக்கட்டும். விடை எழுதும் பயிற்சி ஆங்கிலத்தில் முதல் வாரத்திலிருந்தே நடக்கட்டும். பரீட்சைக்கு முந்தைய மாதம் ஆரம்பித்தால் எட்டாது.

9. மேஜர் மாற்ற விண்ணப்பம்

இரண்டாம் செமஸ்டர் முடிந்து மூன்றாம் செமஸ்டர் தொடங்கும் இடைவெளியில் கல்லூரி அறிவிப்பு போடும். சில இடங்களில் நோட்டீஸ் போர்டு, சில இடங்களில் வகுப்பு வாட்ஸ்அப் குழு. விடுமுறையில் ஊருக்குப் போனாலும் போனை அணைத்துவிட வேண்டாம்.

விண்ணப்பம் பிரின்சிபால் பெயருக்கு. முதல் செமஸ்டர் மார்க் பட்டியல், இரண்டாம் செமஸ்டர் ரிசல்ட் வந்திருந்தால் அதுவும், சைக்காலஜி மைனர் படித்ததற்கான பதிவு, கிரெடிட் வங்கி எண். கொடுப்பதற்கு முன் சைக்காலஜித் துறைத் தலைவரை ஒருமுறை நேரில் பாருங்கள். சிபாரிசுக்காகச் சொல்லவில்லை. எத்தனை இடம், எத்தனை பேர் கேட்கிறார்கள், சென்ற முறை எந்த சிஜிபிஏவில் நின்றது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

விட்டு வரும் மேஜரில் படித்த தாள்கள் வீணாகாது, மைனர் கணக்கில் சேரும். ஆனால் சைக்காலஜியில் 68 கிரெடிட்டை எந்தெந்தத் தாள் கொண்டு நிறைக்கப் போகிறீர்கள், முதல் ஆண்டு மேஜர் தாள்களுக்கு ஈடாக எது, கூடுதலாக ஏதாவது எழுத வேண்டுமா என்பதை நோடல் ஆபீசரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி இருந்தால் ஆறாம் செமஸ்டரில் கிரெடிட் குறைகிறது என்று நிற்பீர்கள், சொன்னவர் அதற்குள் வேறு கல்லூரிக்கு மாற்றலாகிப் போயிருப்பார்.

கிடைக்கவில்லை என்றாலும் வழி அடைபடவில்லை. சைக்காலஜியை மைனராகவே முடித்துக்கொள்ளலாம். முதுநிலையில் சைக்காலஜி படிக்க அது போதுமா என்பது சேரப்போகும் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தது. ஐந்தாம் செமஸ்டருக்குள் இரண்டு மூன்று இடங்களின் தகுதி விதியை வாசித்துவிடுங்கள்.

10. மூன்றாம் செமஸ்டரில் சரிபார்க்க வேண்டியது

மாற்ற உத்தரவின் நகல் கையில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகத் தளத்தில் உங்கள் பக்கத்தைத் திறந்து மேஜர் என்ற இடத்தில் சைக்காலஜி இருக்கிறதா பாருங்கள். வகுப்பில் உட்கார்ந்திருப்பீர்கள், லேபுக்குப் போயிருப்பீர்கள், ஆனால் பதிவில் பழைய மேஜரே இருக்கும். பரீட்சைக் கட்டணம் கட்டும் நேரத்தில்தான் தெரியவரும்.

நேரடியாக மேஜர் கிடைத்தவர்களும் மாறி வந்தவர்களும் மூன்றாம் செமஸ்டரிலிருந்து ஒன்றுதான். நான்காம் ஆண்டில் ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ் எடுக்க நினைத்தால் முதல் ஆறு செமஸ்டரிலும் சேர்த்து 75 சதவீதம் வேண்டும். முதல் ஆண்டு மார்க்கும் அதில் சேரும் என்பதால், இந்த எண்ணிக்கையை ஐந்தாம் செமஸ்டரில் போய்ப் பார்க்காமல் ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் கூட்டிப் பாருங்கள்.

இன்டர்ன்ஷிப் 2 கிரெடிட்தான், ஆனால் இடம் கேட்டு அலைய நேரம் பிடிக்கும். சித்தூர் வட்டத்தில் தமிழ் பேசும் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளும் சிறப்புப் பள்ளிகளும் உண்டு. தமிழும் மலையாளமும் பேசத் தெரிந்த மாணவர் என்றால் வரச் சொல்லும் இடங்கள் இருக்கின்றன. துறையிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு, செமஸ்டர் விடுமுறைக்கு முன்பே போய்க் கேளுங்கள்.